ஒரே மாதிரி கோணல்

கோகிலவாணிக்கு அந்தக் குடியிருப்பில் 'பூ டாக்டர்' என்று பெயர். முறையாகப் படித்து வாங்கிய பட்டம் இல்லை. திசு வளர்ப்புக் கூடமொன்றில் இருபத்திரண்டு வருடம் ஆர்க்கிட் நாற்றுகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். வடவள்ளியில் மூன்றாவது மாடி வீட்டுப் பால்கனியில் கரியும் ஓட்டுச்சில்லும் தென்னைமட்டைத் துண்டும் போட்டு முப்பது தொட்டி வைத்திருந்தாள். ஆர்க்கிட் பூத்தால் யாரும் அவளைத் தேடி வருவதில்லை. கோணலாகப் பூத்தால் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார்கள்.

ஓடி வராமல் என்ன செய்வார்கள்? சாம்பல் மூச்சு என்ற நோய் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மூன்றாம் வருடம், அரசாங்கம் வீட்டுக்கு ஒரு மூச்சுப்பூத் தொட்டி கொடுத்திருந்தது. வெள்ளை ஆர்க்கிட். ஆறு வாரத்துக்கு ஒரு கொத்து, கொத்துக்கு ஐந்து பூ. இரவில் கூடத்துக்குள் இருக்க வேண்டும், பகலில் வீட்டு எண் எழுதிய தாங்கியில் வாசலுக்கு வெளியே. வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால் பூ கோணிக்கொள்ளும். கோணிக்கொண்டால் நாற்பது நாள் முகாம். முகாமுக்குப் போய் வந்தவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் ஆட்கள் யோசித்தார்கள்.

எதிர்வீட்டு ரோஸ்லின் தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு முதன்முதலில் வந்த நாள் கோகிலவாணிக்கு நன்றாக நினைவிருந்தது. ரோஸ்லின் தனியாள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். அன்றைக்கு அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஒரு பூ திருகிக்கிச்சு. எனக்கு வந்துருச்சாக்கா?"

கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான அம்மிணி கோணியிருக்குது? மத்த நாலும் நல்லாத்தான இருக்குது? இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருப்ப. சூடு பட்டிருக்கும்."

"அப்ப நோய் இல்லியா?"

"இங்க பாரு. நடுவுல நாக்கு நீட்டுனாப்பல ஒரு இதழு இருக்குதில்ல, அதுக்குப் பேரு உதடு. மொட்டு பட்டாணி அளவுல இருக்கறப்பத்தான் செடி நம்ம மூச்சை வாங்கும். நோய்க்காரங்க மூச்சு பட்டா உதடு ரெண்டாப் பொளந்துரும். ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துல இருக்கற அஞ்சும் ஒரே மாதிரி பொளக்கும். சூடு, பூச்சி, உரம் ஜாஸ்தி, பக்கத்துல பழம் பழுக்க வைக்கறது, இதுக்கெல்லாம் பூ கோணுனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசாத்தான் கோணும். ஒரே மாதிரி கோணல்னாத்தான் பயப்படோணும்."

"எனக்கு இருமல்கூட இல்லக்கா."

"இருமல் கணக்கே இல்ல. அது ஒரு வருசம் சத்தமில்லாம உள்ளார உக்காந்திருக்கும். இருமல் வரங்காட்டியும் நெஞ்சு இறுகிப் போயிரும். முதல் ஆறு மாசத்துக்குள்ள தெரிஞ்சுதுன்னா மாத்திரையிலயே சரியாயிரும். அதுக்குத்தான் இந்தப் பூவே."

ரோஸ்லின் அன்று அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த வாரமே கோகிலவாணியின் பழைய ரவிக்கை நான்கைப் பிரித்து, கை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கூலி என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக் கதவுகளும் அன்றிலிருந்து பகலில் சாத்துவதே இல்லை.

இதெல்லாம் போன வருடக் கதை. இந்த வைகாசியில் கோகிலவாணியின் மகள் தாரணிக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. பையனுக்குச் சொந்தமாகத் தோப்பு, நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து சிரித்த முகம்தான், ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன் வாசல் தொட்டியைக் குனிந்து பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஜாதகப் பொருத்தத்தோடு பூப்பொருத்தமும் சேர்ந்துவிட்ட காலம். ஆஸ்பத்திரியில் சோதனை செய்துகொள்ளலாமே என்றால், சோதனைக்குப் போனார்கள் என்பதே ஆயுசுக்கும் பதிவாகிவிடும். பதிவு இருந்தால் பெண்ணை யார் கேட்பார்கள்?

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் வாசல் தொட்டியில் முதல் மொட்டு விரிந்தது. உதடு பிளந்திருந்தது.

கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். உடனே கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைத்திருந்த மாம்பழம் ஞாபகம் வந்தது. மாம்பழம்தான், வேறென்ன, என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். கணவர் மயில்சாமியிடமும் அதையே சொன்னாள். அவர் பாவம், மனைவி சொன்னால் மழை பெய்யும் என்று நம்புகிறவர். மாம்பழம் முழுவதையும் அன்றே வாட்ச்மேனுக்குக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை ஐந்து பூவும் விரிந்திருந்தன. ஐந்தும் ஒரே மாதிரி பிளந்திருந்தன.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அவள் எத்தனை சமாதானம் தேடிக்கொண்டாலும், அந்தக் காலை ஆறே முக்கால் மணிக்கு, கையில் பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றபோது, அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனக்கா, மயில்சாமிக்கா, தாரணிக்கா என்பதுதான் தெரியாது. தாரணி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நாள் முழுவதும் கூடத்தில்தான் இருப்பாள், ராத்திரி மின்விசிறிக்கு அடியில் பாய் போட்டுக் கூடத்திலேயே படுப்பாள். அந்தப் பக்கமாகப் போன நினைப்பைக் கோகிலவாணி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கொத்தைக் கிள்ளி எறிய முடியாது. மொட்டைத் தண்டு கோணல் பூவைவிட மோசம், பார்க்கிறவர்கள் உடனே கேட்பார்கள். மூன்று மணிக்குப் பொள்ளாச்சிக்காரர்கள் வருகிறார்கள். ஒரு மணிக்கு ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தாரணி முகூர்த்த ரவிக்கைக்கு இன்னும் ஆறு கொக்கிதான் பாக்கி. கடைக்குப் போயிட்டு வந்துர்றேன். வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

அவள் படியிறங்கிப் போனாள். எதிர் தாங்கியில் அவளுடைய தொட்டி நின்றது. ஐந்து பூவும் பல் வரிசை மாதிரி நேராக இருந்தன. எண் எழுதியிருப்பது தாங்கியில்தான், தொட்டியில் இல்லை. மயில்சாமி குளித்துக்கொண்டிருந்தார், தாரணிக்கு அறைக்குள் யாரோ தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாற்றி வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் அவர்கள் கிளம்பியதும் திரும்ப மாற்றிவிடலாம், ரோஸ்லினிடம் சொன்னால்கூடப் புரிந்துகொள்வாள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அப்போது உண்மைதான்.

நாச்சிமுத்து வந்தார், குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. தட்டு வைத்தார்கள், பூ வைத்தார்கள், கல்யாணம் பதினொன்றாம் நாள் என்று முடிவாயிற்று. காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே பேச்சுக் குரல் கேட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி குப்புராஜ், நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், எதிர்வாசலில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ரோஸ்லின் கையில் கொக்கிப் பொட்டலத்தோடு அப்போதுதான் படியேறி வந்திருந்தாள்.

"காலைல நல்லாத்தானே சார் இருந்துச்சு?" என்றாள் ரோஸ்லின். தொட்டியைப் பார்த்தாள். கோகிலவாணியின் வாசலில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள்.

"நம்ம பூ டாக்டரே இருக்காங்களே," என்றார் குப்புராஜ். "ஏனுங்க்கா, இது வெய்யில் கோணலா, நோய்க் கோணலா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெய்யில்னா நான் படத்தை அழிச்சிருவேன்."

கூடத்திலிருந்து நாச்சிமுத்தும் எழுந்து வந்துவிட்டார். "சொல்லுங்க சம்பந்தி," என்றார். "எதிர்வீடுங்களே. நம்ம புள்ளை நாளெல்லாம் போக வர இருக்கற எடம்."

வெயில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்தும் ஒரே மாதிரி பிளந்த பூவை வெயில் என்கிற பூ டாக்டரின் வீட்டுப் பூவை அப்புறம் யார் நம்புவார்கள்? நாச்சிமுத்து இன்னொரு முறை குனிந்து பார்ப்பார். கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முன்னே பின்னே பார்க்காதவள் போல ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நோய்தானுங்க," என்றாள்.

ரோஸ்லின் கொக்கிப் பொட்டலத்தோடு தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். உள்ளே போய் மாற்றுத்துணி எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு முகாம் வண்டி வந்தது. கிளம்பும் முன் தாரணியின் ரவிக்கையைக் கதவுக் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போனாள். அந்த அவசரத்திலும் ஆறு கொக்கியையும் தைத்திருந்தாள். கோணல் பூத் தொட்டியையும் சாட்சியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனித் திரும்ப மாற்றி வைக்க எதுவும் இல்லை.

நோய்வீட்டுக் கை பட்ட துணி என்று அந்த ரவிக்கையைத் தாரணிக்குப் போட விடவில்லை. கடையில் அவசரத்துக்கு ஒன்று தைத்தார்கள், தோள் இறங்கி நின்றது. தாரணி கல்யாண மேடையில் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் அவளும் மயில்சாமியும்தான். அவர் தும்மினாலும் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சோதனைக்குப் போகலாமா என்று ஒருநாள் பட்டும் படாமலும் கேட்டாள். "எதுக்கு? மாம்பழத்தை எடுத்ததும் பூ நல்லாயிருச்சே," என்றார் அவர். எதிர்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து ரோஸ்லினின் தையல் மிஷினைத் துடைத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார். ரவிக்கைக்குக் கொடுத்த பெண்கள் துணியைத் திரும்பக் கேட்கவும் இல்லை, அதை அப்படியே எரித்துவிடச் சொன்னார்கள். கோகிலவாணி பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தாள். மறந்தாள் என்பது சரியில்லை. ஆர்க்கிட்டின் முகத்தில் விழிக்கவே அவளுக்குக் கூசியது.

வாசல் தொட்டியில் புதுத் தண்டு வந்தது. மொட்டு பட்டாணி அளவானது. தினமும் இருபது தடவை பார்த்தாள். கடைசியில் ஐந்து பூவும் விரிந்தன, ஐந்தும் நேராக. கோகிலவாணி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மயில்சாமிக்கு இல்லை. தனக்கும் இல்லை. அன்றைக்கு மாம்பழமேதான், செடி ஏதோ ஒரு புதுத் தினுசாகக் கோணியிருக்கிறது, எத்தனை வருடம் வளர்த்தாலும் ஆர்க்கிட்டை யார் முழுதாக அறிந்தார்கள் என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினாள். ரோஸ்லினுக்குச் செய்ததற்கு மட்டும் என்ன பதில் என்று சாமி கேட்கவில்லை. இவளும் நின்று கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ரோஸ்லின் வந்தாள்.

இளைத்திருந்தாள். வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள், நிற்கப் பழகிவிட்டவள் போல. "மிஷினை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா. கீழ ஆட்டோ நிக்குது."

"உள்ள வா அம்மிணி."

"வேண்டாம்க்கா. பாக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு மூணாவது நாளே சொல்லிட்டாங்க. ஆனா சட்டம் நாப்பது நாளாம்."

கோகிலவாணி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் ரோஸ்லின் குனிந்து வாசல் தொட்டியின் ஊன்றுகுச்சியைத் தொட்டாள். பூத்தண்டு சாயாமல் இருக்கக் குச்சியோடு சேர்த்து அரக்கு நிறப் பட்டுநூல் சுற்றியிருந்தது. தாரணியின் முகூர்த்த ரவிக்கைக்கு வாங்கிய நூல். கோகிலவாணி தன் செடிகளுக்கெல்லாம் கிளிப்தான் போடுவாள். நாற்பது நாளும் அந்த நூல் அவள் கண்ணெதிரே இருந்திருக்கிறது, பூவைப் பார்த்தாளே தவிர குச்சியைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே பாத்தேன்க்கா," என்றாள் ரோஸ்லின். "படியேறி வந்தப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன்டி சும்மா இருந்த?" கோகிலவாணிக்குக் குரல் உடைந்தது. "எல்லார் முன்னாலயும் கத்தியிருக்கலாம்ல?"

"தாரணி கல்யாணம் நின்னுருக்கும். எனக்கு யாரு இருக்கா, நாப்பது நாள்தானேன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும், அந்தப் பூ உங்க வீட்டைத்தான் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியாமலா போகும்? கல்யாணம் முடிஞ்ச கையோட எல்லாரும் சோதனைக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்." நிமிர்ந்து பார்த்தாள். "போகலையாக்கா?"

"இங்க பாரு, பூ நேரா வந்துருச்சு. எங்களுக்கு ஒண்ணுமில்ல. அது மாம்பழம்..."

"இந்த மொட்டு எப்பக்கா பட்டாணி அளவு ஆச்சு?"

கேள்வி சாதாரணக் கேள்விதான். இவளே கற்றுக்கொடுத்த பாடம். கோகிலவாணி விரல் விட்டு எண்ணப் போனாள், எண்ண வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து. அப்போது கூடத்தில் பாய் விரித்துப் படுக்க யாரும் இல்லை.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மேஜை மேல் போன் அடித்தது. தாரணி. நின்றது, மறுபடி அடித்தது. ரோஸ்லின்தான் உள்ளே போய் எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

"அம்மா," தாரணியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இங்க வாசப்பூ கோணிக்கிச்சும்மா. அத்தைக்கு ரெண்டு நாளாச் சளி, இருமல். தனக்குத்தான் வந்துருச்சுன்னு அழுதுட்டே பொட்டி கட்டறாங்க. எனக்குப் பாவமா இருக்குதும்மா. நீங்க சொன்னா மாமா கேப்பாரு. வெய்யில்னு சொல்லிருங்களேன்."

"அஞ்சும் ஒரே மாதிரியாங் கண்ணு?"

"ஆமாம்மா. உதடு ரெண்டாப் பொளந்து. படம் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்." அந்தப் பூவை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"சம்பந்தியா?" என்று நாச்சிமுத்துவின் குரல் பின்னால் கேட்டது. "கேளு, கேளு. அவங்க சொன்னாச் சரியா இருக்கும். அன்னைக்கு எதிர்வீட்டுப் பூவை என்ன கரெக்ட்டாச் சொன்னாங்க!"

கோகிலவாணி எதிரே நின்றவளைப் பார்த்தாள். ரோஸ்லின் தலையைக் குனிந்து, அவிழ்ந்திருந்த அரக்கு நூலின் முனையைக் குச்சியில் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போதும் வெயில் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்படிச் சொல்லாமல் நோய் என்று சொன்னாலும் போதும், அந்த அம்மாள் பெட்டியோடு போய்விடுவாள், மகள் தப்பித்துக்கொள்வாள். தப்பித்து, அடுத்த கொத்துக்கும் அதற்கடுத்த கொத்துக்கும் யாராவது பெட்டி கட்ட, உள்ளே நெஞ்சு இறுகிக்கொண்டே போகும். ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது.

"தாரணி, ஸ்பீக்கரைப் போடு."

"எதுக்கும்மா?"

"போடு கண்ணு. எல்லாரும் கேக்கட்டும். உங்க அத்தையைப் பொட்டியக் கீழ வைக்கச் சொல்லு."

சத்தம் மாறியது. அந்தப் பக்கம் நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அது அவங்க பூ இல்லீங்க," என்றாள் கோகிலவாணி. "எதிர்வீட்டுப் பூவும் இல்ல. அது என்ற புள்ளையோட பூ. நிச்சயத்தன்னைக்கு என்ற கையாலதான் மாத்தி வச்சேன்."